கஷாயத்தை எங்களிடம் மறைக்க வேண்டாம்

சில மாதங்களுக்கு முன்பு எமது பொதுமருத்துவப் பிரிவில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கடும் காய்ச்சலுடனும் நடுக்கத்துடனும் சேர்க்கப்பட்டார். அவர் நெடுநாளாக நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்று வருபவர். பதினொரு நாள்களுக்கு முன்புதான் சிறுநீர்த் தொற்றுக்காகப் புறநோயாளியாக வந்து, ஏழு நாள்களுக்குரிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பெற்றுச் சென்றிருந்தார். இப்போது அத்தொற்று சிறுநீரகத்தை எட்டியிருந்தது. மாத்திரைகளை முழுமையாக உட்கொண்டாரா என்று கேட்டபோது, உடனிருந்த மகள் தலையசைத்தார். வேறு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா என்று கேட்டோம். "இல்லை, டாக்டர்" என்றார்.

மறுநாள் காலை, படுக்கை விரிப்பை மாற்ற வந்த செவிலியர் தலையணைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்க்கைக் கண்டார். அதில் ஓமம், சீரகம், மல்லி விதை, பூண்டு ஆகியவற்றைக் கொதிக்க வைத்து இறக்கிய கஷாயம் இருந்தது. மகள் அழுதுவிட்டார். மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே எரிச்சல் குறைந்துவிட்டது என்றும், கஷாயம் வேலை செய்கிறது என்று எண்ணி மாத்திரைகளை நிறுத்திவிட்டோம் என்றும் கூறினார். "நேற்று ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று மூதாட்டியிடம் கேட்டேன். "மருந்து சாப்பிட்டாயா என்றுதானே கேட்டீர்கள், ஐயா? இது மருந்து இல்லையே, வீட்டுக் கஷாயம்தானே" என்றார்.

அவர் நலம்பெற்று வீடு திரும்பினார். அவர்களுடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன். அந்த மறுமொழி எனக்குள் இன்னும் நிற்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் கேள்வியைப் பிழையாகக் கேட்டோம். மகள் அஞ்சினார், அந்த அச்சத்திற்கும் மருத்துவர்களாகிய எங்களுக்குப் பங்குண்டு. அடுக்களை மூலிகைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எள்ளி நகையாடும் வழக்கம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. அந்த நகைப்பு எந்த நோயாளியையும் கஷாயத்தைக் கைவிடச் செய்ததில்லை. அது பிளாஸ்க்கைத் தலையணைக்குப் பின்னால் தள்ளியது, அவ்வளவே.

ஆகவே, அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை தொற்றை எதிர்க்க வல்லவையா என்ற வினாவுக்கு நேர்மையான விடை கூற வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

மூலிகைகளில் ஆற்றல் உண்டு

அவற்றில் நுண்ணுயிரைக் கொல்லும் வேதிப்பொருள்கள் உள்ளன என்பது மெய். ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள கொழுப்புப் படலத்துக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. உயிரணுவின் உள்ளிருப்பவை கசிந்து வெளியேற, அது மடிகிறது. கற்பூரவல்லியில் தைமாலும், அதன் நெருங்கிய உறவான கார்வக்ரால் என்ற பொருளும் இருக்கின்றன. மேலைநாட்டுச் சமையலில் பயன்படும் தைம், ஆரிகனோ ஆகிய இலைகளின் ஆற்றலும் இவ்விரு பொருள்களிலிருந்தே வருகிறது.

பூண்டின் கதை இன்னும் சுவையானது. முழுப் பல்லில் அந்தக் கார மணம் இல்லை. நசுக்கும்போது ஒரு நொதி மற்றொரு பொருளோடு கலந்து அல்லிசின் உருவாகிறது. செஸ்டர் கவாலிட்டோ, ஜான் பெய்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1944-ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்து, அது பலவகைப் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். கிராம்பில் உள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகப் பல் அடைப்பாகப் பல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் வாசம் பெரிதும் கிராம்பின் வாசமே.

எனவே, "இவற்றில் ஒன்றுமில்லை" என்று சொல்பவர் அறிவியலைப் பேசவில்லை. ஆனால் இங்கிருந்து "ஆகவே இது தொற்றைக் குணப்படுத்தும்" என்ற முடிவுக்குச் செல்வதற்கு நடுவே நீண்ட தொலைவு இருக்கிறது.

கண்ணாடித் தட்டும் மனித உடலும்

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, அதன்மீது ஓம எண்ணெயை இட்டால் பாக்டீரியா இறக்கும். அதே தட்டில் தரை துடைக்கும் பினாயிலை இட்டாலும் இறக்கும். தட்டில் கொல்வது எளிது. உடலைக் காயப்படுத்தாமல் உடலுக்குள் கொல்வதே கடினம்.

முதல் தடை அளவு. ஒரு பாக்டீரியாவை அடக்க நல்ல ஆன்டிபயாடிக் ஒன்று பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராம் அளவில் போதுமானது. தைமாலும் கார்வக்ராலும் பொதுவாக நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தேவைப்படும் பொருள்கள். ஒரு குவளைக் கஷாயம் இரத்தத்தில் அந்த அளவை எட்டச் செய்யாது.

இரண்டாம் தடை நமது குடலும் கல்லீரலும். அவை தமக்கு அயலான பொருள்களை உடனுக்குடன் உருமாற்றி வெளியேற்றுகின்றன. 2002-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், தைம் சாறு அடங்கிய மாத்திரைகளை நலமுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதில் இருந்த தைமாலின் அளவு சிறியதுதான்; எனினும் அவர்களுடைய இரத்தத்தில் தைமால் தன் இயல்பான வடிவில் தென்படவே இல்லை. உடல் அதைச் சல்பேட்டாக மாற்றியிருந்தது. பூண்டிலும் இதே நிலைதான்: பச்சைப் பூண்டை மிகுதியாக உண்டவர்களின் இரத்தத்திலும் அல்லிசினைக் காண முடியவில்லை. போதாக்குறைக்கு, முழுப் பல்லை அப்படியே கொதிநீரில் இட்டால் அல்லிசினை உருவாக்க வேண்டிய நொதியே வெப்பத்தால் கெட்டுவிடுகிறது.

மூன்றாம் தடையே மிக முக்கியமானது. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. மனித உயிரணுக்களுக்குச் செல்சுவர் கிடையாது. ஆகவே அம்மருந்து பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறது. தைமால் தாக்குவது கொழுப்புப் படலத்தை. அந்தப் படலம் நம் உயிரணுக்களுக்கும் உண்டு. அதனால்தான் கிராம்பு எண்ணெயைத் தவறுதலாக விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டியதால் தீக்காயம் போன்ற புண் ஏற்பட்டவர்களைப் பற்றிய பதிவுகளும் பல. இயற்கைப் பொருளுக்குப் பக்கவிளைவு இல்லை என்ற எண்ணம் தவறு. விளைவு என்று ஒன்று இருக்குமானால், பக்கவிளைவும் இருந்தே தீரும்.

அடுக்களையிலிருந்து மருந்தாகும் பாதை

இத்தடைகளை யாரும் தாண்டியதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தாண்டியிருக்கிறார்கள்; அதை எண்ணி நம்பிக்கை கொள்ளவும் இடமுண்டு.

தைமாலே ஒரு காலத்தில் மருந்தாக இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு நோயை ஒழிக்க 1909-இல் தொடங்கப்பட்ட ராக்பெல்லர் சுகாதார ஆணையம், நோயாளிகளுக்குத் தைமாலையே கொடுத்தது. அங்கே அது கைப்பிடி அளவிலோ சிட்டிகை அளவிலோ கொடுக்கப்படவில்லை. வயதுக்கேற்ப எடைபோட்டுக் கொடுத்தார்கள். பேதி மருந்தும் உடன் கொடுத்தார்கள். அந்நாளில் எண்ணெயும் மதுவும் தொடக்கூடாது என்று எச்சரித்தார்கள். அவை தைமாலைக் கரைத்து இரத்தத்தில் ஏற்றிவிடும். ஏறினால் அது நஞ்சாகும். பின்னர் பாதுகாப்பான மருந்துகள் வந்தபோது தைமால் விலகிக்கொண்டது. ஓமத்தில் இருக்கும் பொருள் மருந்தானபோது, அதன் அளவும் பத்தியமும் ஆபத்தும் எழுதப்பட்ட பிறகே ஆனது என்பதைக் கவனியுங்கள்.

மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் இதைவிடச் சிறந்த சான்று. சீன விஞ்ஞானி டு யூயூவும் அவருடைய குழுவினரும் பழைய மருத்துவச் சுவடிகளைத் தேடினார்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பவரின் நூலில், ஒருவகை மாசிப்பத்திரிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்தும்படி கூறப்பட்டிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே என்று சிந்தித்த டு யூயூ, வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971-இல் அது விலங்குகளில் பலித்தது. 1972-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் உடன் பணிபுரிந்தோரும் தாமே அதை உட்கொண்டு சோதித்தார்கள். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே செடியின் இலையைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைப்பதில்லை. மருந்தின் அளவு இலைக்கு இலை மாறும். குறைவான அளவு நோயை அரைகுறையாகவே அடக்கும். எஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

அதே 2015-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றொரு வியப்பை வெளியிட்டார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் இருந்த கண் மருந்தை, எழுதியிருந்தவாறே அவர்கள் தயாரித்தனர். பூண்டு, வெங்காய இனத்தைச் சேர்ந்த மற்றொன்று, திராட்சை மது, மாட்டின் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது இரவுகள் வைத்திருந்து வடித்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் பாக்டீரியாவை அது ஆய்வகத்தில் கொன்றது. பொருள்களில் ஒன்றை விட்டுவிட்டால் அதே ஆற்றல் கிடைக்கவில்லை. முன்னோர் அறிவை எள்ளுவோருக்கும், பூண்டு மட்டும் போதும் என்போருக்கும் இந்த ஆய்வு ஒருங்கே விடை தருகிறது.

இத்தகைய தேடல் இன்று மிகவும் தேவை. ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்திய மருத்துவ அமைப்புகள் 2012-இல் நம் சென்னையில் கூடி, இவ்வாபத்தை எதிர்கொள்ளச் 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை வகுத்தன. நாளைய மருந்து ஓமத்திலிருந்தோ கற்பூரவல்லியிலிருந்தோ வரக்கூடும். வந்தால் முதலில் மகிழ்பவர்கள் நாங்களாகவே இருப்போம். ஆனால் இன்று படுக்கையில் காய்ச்சலோடு கிடப்பவருக்கு நாளைய மருந்து உதவாது.

பெருமையும் சான்றும்

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 1995-இல் அமெரிக்காவில் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்து வாதாடி, 1997-இல் அக்காப்புரிமையை நீக்கச் செய்தது. நாம் பெருமைகொள்ள வேண்டிய வெற்றி அது. ஆயினும் அவ்வெற்றியின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மஞ்சளின் இப்பயன் இந்தியாவில் ஏற்கெனவே அறியப்பட்டது, ஆகவே புதிய கண்டுபிடிப்பு அன்று என்பதே தீர்ப்பு. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் நிறுவவில்லை. ஒன்று நம்முடையது என்பதும், அது பலிக்கும் என்பதும் இருவேறு செய்திகள். முன்னதை நிலைநாட்டப் பழைய நூல்கள் போதும். பின்னதை நிலைநாட்ட நோயாளிகளிடம் செய்த முறையான ஆய்வுகள் வேண்டும்.

"எங்கள் பாட்டி இதைத்தானே கொடுத்தார், நாங்கள் நலமாக வளரவில்லையா?" என்று அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. பாட்டி கொடுத்தது பெரும்பாலும் சளிக்கும் இருமலுக்கும் செரிமானக் கோளாறுக்கும். சாதாரணச் சளி வைரஸால் வருவது, தானே அடங்குவது. ஆன்டிபயாடிக் அதற்கு ஒரு பயனும் தராது. அங்கே மிளகு ரசமும், ஓம நீரும், கற்பூரவல்லிச் சாறும் தொண்டைக்கு இதமளிக்கின்றன. நோயாளியைப் பொறுமையாகக் காத்திருக்க வைக்கின்றன. தேவையற்ற ஆன்டிபயாடிக்கை நாடி மருந்துக் கடைக்கு ஓடாமல் தடுக்கின்றன. என் கருத்தில், தொற்றுநோய்க்கு எதிராக நமது அடுக்களை இன்று செய்யக்கூடிய மிகப்பெரிய தொண்டு இதுவே. சளிக்கு ரசம் போதும் என்ற பாட்டியின் தெளிவைப் போற்றுவோம். சிறுநீரகத் தொற்றுக்கும் அதுவே போதும் என்று அவர்மீது நாமே ஏற்றிச் சொல்ல வேண்டாம்.

நாங்கள் செய்ய வேண்டியதும் நீங்கள் செய்ய வேண்டியதும்

முதலில் எங்கள் பக்கம். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று மட்டும் நாங்கள் கேட்கக்கூடாது. "வீட்டில் கஷாயம், சாறு, பொடி, லேகியம், எண்ணெய் எது கொடுத்தீர்கள்? எவ்வளவு? எத்தனை நாளாக?" என்று கேட்க வேண்டும். விடையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவராவது இதைக் கேட்க மறந்தால், நீங்களே எடுத்துச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி, உங்களிடம் வேண்டுவன:

ஆன்டிபயாடிக் தொடங்கியபின், உடல் தேறியதுபோல் தோன்றினாலும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். முதலிரண்டு நாள்களில் குறைவது நோயின் துன்பமே. கிருமி முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை நாள் என்பதில் ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். மருந்து அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாத மருந்து என்று பொருள்.

அறுவை சிகிச்சை நாள் குறிக்கப்பட்டவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் பூண்டு மாத்திரை, பச்சைப் பூண்டு, மஞ்சள் மாத்திரை ஆகியவற்றைப் பற்றி அவசியம் கூறுங்கள். பூண்டு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடியது. குழம்பிலும் ரசத்திலும் சேரும் அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மருந்தாக எண்ணி உண்ணும் மிகுதியான அளவே கவலைக்குரியது.

பிற நோய்களுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்களும் மறைக்க வேண்டாம். பூண்டு மாத்திரைகள் எச்.ஐ.வி.க்கான சக்குனாவிர் என்ற மருந்தின் இரத்த அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டார்கள். உணவுப் பொருள்தானே என்று எண்ணியது உயிர்காக்கும் மருந்தை வலுவிழக்கச் செய்தது.

நீரிழிவு உள்ளவரின் காலில் புண் தோன்றினால் மஞ்சளோ பூண்டோ இலைச்சாறோ வைத்துக் கட்ட வேண்டாம். உணர்ச்சி குன்றிய பாதத்தில், எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. தூய நீரால் கழுவி, தூய துணியால் மூடி, அன்றே வாருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளசிச் சாற்றோடு தேன் கலந்து கொடுக்க வேண்டாம். அந்த வயதில் தேன் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை விளைவிக்கக் கூடும்.

நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், மூச்சுத்திணறல், நினைவுத் தடுமாற்றம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், பரவிச் செல்லும் சிவப்பு, பால் குடிக்க மறுக்கும் குழந்தை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கஷாயம் கொதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒவ்வொரு மணியும் மதிப்புள்ளது.

அந்த மூதாட்டி வீடு திரும்பும் நாளில் என்னிடம், "இனி கஷாயமே குடிக்கக் கூடாதா, ஐயா?" என்று கேட்டார். சர்க்கரை சேர்க்காமல், உணவுக்குப் பின் ஒரு சிறு குவளை சீரக நீர் அருந்துவதில் தடையில்லை என்றேன். மாத்திரையும் இருக்கட்டும், சீரக நீரும் இருக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பிளாஸ்க்கையும் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்தார். உங்கள் பிளாஸ்க்கும் அங்கேயே இருக்கட்டும்.